பழக்கலவைக்கு ஆரஞ்சு மணக்கும் கெட்டித் தயிர் டிரஸ்ஸிங்: மும்பைத் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்டுங்காவில் உள்ள எங்கள் வீட்டில் பொங்கலுக்கு வரும் உறவினர்களுக்கும், கோடை விடுமுறையில் ஒன்றுகூடும் குடியிருப்புக் குடும்பங்களுக்கும் இந்தப் பழக்கலவையைப் பல ஆண்டுகளாகச் செய்து பரிமாறி வருகிறேன். சாப்பிட்டவர்கள் செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த வாரமே "எல்லாம் தண்ணீராகிவிட்டது", "கசக்கிறது", "திரிந்துவிட்டது" என்று தொலைபேசியில் சொல்வார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதில்களை, பின்னால் வந்தவர்கள் கேட்ட துணைக் கேள்விகளோடு சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் செய்முறையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

6 பேருக்கு நறுக்கிய பழம் 1.2 கிலோவும் டிரஸ்ஸிங் ஏறத்தாழ 300 கிராமும் போதும். அதாவது எடைக்கணக்கில் நான்கு பங்கு பழத்துக்கு ஒரு பங்கு டிரஸ்ஸிங். டிரஸ்ஸிங்குக்கு நன்றாக நீர் வடித்த கெட்டித் தயிர் 200 கிராம், 150 மில்லி ஆரஞ்சுச் சாற்றைச் சிறு தீயில் 50 மில்லியாகச் சுண்டவைத்து ஆறவிட்டது, கிரீம் 2 மேசைக்கரண்டி, தேன் ஒன்றரை மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 தேக்கரண்டி, ஒரு ஆரஞ்சுப் பழத்தின் மேல்தோல் துருவல், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை வேண்டும். தயிரைக் கண்ணறை நெருக்கமான சல்லடையில் தேய்த்து வழவழப்பாக்கிய பின், சுண்டிய சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்கி, மற்றவற்றைச் சேர்த்து, குறைந்தது அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பழங்களைத் தனியாக நறுக்கி வடிதட்டில் போட்டுக் குளிரவைத்து, பரிமாறுவதற்குச் சற்று முன்பு மட்டுமே இரண்டையும் சேர்க்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மறவாமல் கடைப்பிடித்தாலே பாதிக் குறைகள் வாரா.

எங்கள் வீட்டில் கஸ்டர்ட் பவுடரில்தான் பழக்கலவை செய்வோம். அதிலேயே ஆரஞ்சுச் சாற்றைச் சேர்த்துவிடலாமா?

சேர்த்தால் திரிந்துபோக வாய்ப்பு அதிகம். பாலில் உள்ள கேசின் என்னும் புரதம், புளிப்பு ஏறி பி.எச். அளவு 4.6-ஐ நெருங்கும்போது ஒன்றோடொன்று ஒட்டித் திப்பித் திப்பியாகப் பிரியும். நாம் பனீருக்காகப் பாலில் எலுமிச்சை பிழியும்போது நடப்பதும் இதுதான். கஸ்டர்டில் உள்ள சோளமாவு அதைச் சற்றுத் தாங்கிப்பிடிக்கும் என்றாலும், புளிப்புச் சாறு தாராளமாகச் சேர்ந்தால் அதன் வழவழப்பு போய்விடும். தயிரோ ஏற்கெனவே புளிப்பால் உறைந்த பொருள். பால் போகவேண்டிய தூரத்தை அது முன்பே போய் முடித்துவிட்டது. ஆகையால் அதில் இன்னும் கொஞ்சம் புளிப்பைச் சேர்ப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை. ஆரஞ்சு, எலுமிச்சை வாசம் வேண்டுமென்றால் தயிரை அடிப்படையாகக் கொள்வதே பத்திரமான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். கஸ்டர்ட் பழக்கலவை தன்னளவில் நல்ல பண்டம்தான். ஆனால் அதற்கு வாழைப்பழம், சப்போட்டா, ஆப்பிள் போன்ற புளிப்பில்லாத பழங்களே ஏற்றவை.

கிரீம் மட்டும் வைத்துச் செய்யலாமா? ஹாஜி அலி பக்கத்துப் பழச்சாற்றுக் கடைகளில் ஃப்ரூட் கிரீம் அப்படித்தானே இருக்கிறது?

அது வேறு வகை; இனிப்பூட்டிய கிரீமும் பழமும் மட்டும் சேர்ந்தது. அதன் சுவையே கொழுப்பில்தான் இருக்கிறது. நாம் இங்கே தேடுவது பழத்தின் சுவையைத் தூக்கிக் காட்டும் ஒரு புளிப்பு. மேலும், கடைகளில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் சாதாரண கிரீமில் கொழுப்பு பெரும்பாலும் 25 சதவீத அளவில்தான் இருக்கும். அது அடித்தாலும் நுரைத்து நிற்காது, எலுமிச்சை பட்டால் திரியவும் கூடும். தயிரோடு 2 மேசைக்கரண்டி சேர்ப்பது அதன் புளிப்பின் முனையை மழுக்குவதற்காக மட்டுமே.

கெட்டித் தயிரைக் கடையில் வாங்கலாமா, வீட்டில் வடிக்க வேண்டுமா?

மும்பையில் இருப்பவர்களுக்கு இது ஒரு கொடுப்பினை. இங்குள்ள பால்கடைகளில் 'சக்கா' என்ற பெயரில் நீர் வடித்த தயிர் எடைக்குக் கிடைக்கும். மராத்தியப் புத்தாண்டான குடிபாட்வாவுக்கும் தசராவுக்கும் மராத்திய வீடுகளில் இந்தச் சக்காவில் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து ஸ்ரீகண்ட் என்ற இனிப்பைச் செய்வார்கள் என்பதால் அந்த நாட்களையொட்டிப் புதிய சக்கா தாராளமாக வரும்; கூட்டம் இருக்குமென்பதால் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. வாங்குவதற்கு முன் ஒரு துளி வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். புளித்த சக்காவைத் தேனால் சரிக்கட்ட முயன்றால் இனிப்பும் புளிப்பும் தனித்தனியே நிற்கும், ஒன்று சேராது.

வீட்டில் வடிப்பதென்றால், கொழுப்பு நீக்காத பாலில் உறையவைத்த, புளிக்காத அரை கிலோ தயிரை மல் துணியில் முடிந்து, ஒரு பாத்திரத்தின் மேல் வைத்த வடிதட்டில் போட்டு 6 மணி நேரம் விட்டால் ஏறத்தாழ பாதியளவு கெட்டித் தயிர் நிற்கும். ஊரில் பாட்டிமார் செய்ததுபோல் சமையலறைக் குழாயில் கட்டித் தொங்கவிடுவது மும்பையின் வெப்பத்துக்கும் ஈரக் காற்றுக்கும் ஒத்துவராது; வடிந்து முடிவதற்குள் புளித்துவிடும். முழு ஏற்பாட்டையும் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். வடிந்த நீரைக் கொட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசைய அது மிக நன்றாக இருக்கும்.

ஆரஞ்சுச் சாற்றை ஏன் சுண்டவைக்க வேண்டும்? அப்படியே ஊற்றினால் என்ன?

வடித்து வடித்துத் தயிரிலிருந்து எடுத்த தண்ணீரை மறு கையால் திருப்பி ஊற்றியது போலாகும். ஆரஞ்சுச் சாற்றில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை மூன்றில் ஒரு பங்காகச் சுண்டவைத்தால் இனிப்பும் புளிப்பும் நிறமும் திரண்டு, பாகு போன்ற ஒரு பதம் வரும். டிரஸ்ஸிங் பழத்தின்மேல் வழியாமல் படிந்து நிற்கும். சூட்டில் நறுமணம் கொஞ்சம் பறந்துவிடும் என்பது உண்மை. அதைத் திருப்பிக் கொடுப்பதற்குத்தான் தோல் துருவல். எவர்சில்வர் பாத்திரத்தில், சிறு தீயில், பக்கத்திலேயே நின்று செய்யுங்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் அடிப்பிடித்துக் கருகினால் முழுச் சாறும் வீண். அலுமினியப் பாத்திரம் புளிப்போடு வினைபுரியும் என்பதால் வேண்டாம். சுண்டிய சாறு முற்றிலும் ஆறிய பின்னரே தயிரில் சேர வேண்டும்.

சந்த்ரா, சாத்துக்குடி, கின்னோ: எதை எடுப்பது?

சந்த்ரா கிடைக்கும் காலத்தில் வேறெதையும் நான் தேடுவதில்லை. 2014-இல் புவிசார் குறியீடு பெற்ற நாக்பூர் ஆரஞ்சைத்தான் இங்கே சந்த்ரா என்று விற்கிறார்கள். அதற்கு ஆண்டில் இரண்டு விளைச்சல்: அம்பியா பகார் எனப்படுவது குளிர்காலத் தொடக்கத்திலும், மிருக் பகார் எனப்படுவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலும் சந்தைக்கு வரும். பின்னதில் இனிப்பு தூக்கலாக இருப்பதாக என் நாக்குக்குத் தோன்றுகிறது. முன்னதை வாங்கும்போது தேனை அரைக் கரண்டி கூட்டுகிறேன்.

சாத்துக்குடிக்கு இங்கே மோசம்பி என்று பெயர். மராட்டிய மாநிலத்தின் ஜால்னா மாவட்ட மோசம்பிக்கும் 2016-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் சாறு பிழிந்தவுடன் தேன் போல இருக்கும், வைக்க வைக்கக் கசக்கும். பிழிந்து ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பழத்துக்குள் கசப்பில்லாத நிலையில் இருக்கும் ஒரு பொருள், திசுக்கள் உடைந்து புளிப்போடு சேர்ந்ததும் மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுவதே காரணம். பஞ்சாபிலிருந்து வரும் கின்னோவுக்கும் இதே குணம் உண்டு. சூடு இந்த மாற்றத்தை விரைவாக்கும் என்பதால், இந்த இரண்டின் சாற்றையும் சுண்டவைப்பது கூடாது. மோசம்பி மட்டுமே கிடைக்கும் நாட்களில், சுண்டவைக்காமல், பரிமாறும் நேரத்தில் 2 மேசைக்கரண்டி புதுச் சாற்றைப் பிழிந்து டிரஸ்ஸிங்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தளர்வாக இருக்கும், ஆனால் கசக்காது. சந்த்ராவையும் மிக்சியில் அடிக்காமல் கையால் பிழிந்து, விதையும் நாரும் சேராமல் வடிகட்ட வேண்டும்.

தோல் துருவும்போது எவ்வளவு ஆழம் போகலாம்?

நிறமுள்ள மேல்படலம் மட்டும். மணம் தரும் எண்ணெய்ப் பைகள் அதில்தான் இருக்கின்றன; அதற்கடியில் உள்ள வெண்பகுதி வெறும் கசப்பு. சந்த்ராவின் தோல் சுளையோடு ஒட்டாமல் தொளதொளவென்று இருப்பதால், உரிப்பதற்கு முன் முழுப் பழத்தையும் கையில் இறுக்கிப் பிடித்து, மிக நுண்ணிய துருவியில் ஒரே இடத்தில் இரண்டு முறைக்குமேல் தேய்க்காமல் திருப்பித் திருப்பித் துருவ வேண்டும். மெழுகு பூசிய பழமாக இருக்கக்கூடும் என்பதால் முதலில் வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.

நீர் விட்டுக்கொள்வதை எப்படித் தடுப்பது?

இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. நானும் அடிபட்டுக் கற்றுக்கொண்டது இதில்தான். ஒரு பொங்கல் அன்று செம்பூரில் நடந்த குடும்பக் கூடுகைக்கு, காலை 9 மணிக்கே எல்லாவற்றையும் கலந்து, சர்க்கரையும் தூவி எடுத்துப் போனேன். 1 மணிக்கு மூடியைத் திறந்தபோது பாத்திரத்தில் பாதி வரை வெளுத்த நீர் நின்றது. பழம் வதங்கிக் கிடந்தது. 30 பேருக்காக உட்கார்ந்து நறுக்கிய பழம் அது; அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

நடந்தது இதுதான்: உப்போ சர்க்கரையோ தேனோ பழத்தின் வெட்டிய பரப்பில் பட்டால், செல்லுக்குள் இருக்கும் நீர் அடர்த்தி மிகுந்த வெளிப்பக்கத்தை நோக்கி இழுக்கப்படும். ஊறுகாய்க்கு மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கிவைக்கும்போது நீர் ஊறிவருவது எந்தக் காரணத்தாலோ, அதே காரணத்தால்தான் பழக்கலவையிலும் ஊறுகிறது. அங்கே அது வேண்டியிருக்கிறது, இங்கே வேண்டாம். எனவே சர்க்கரையைப் பழத்தின்மேல் நேராகத் தூவாதீர்கள். இனிப்பு முழுவதும் டிரஸ்ஸிங்கிலேயே இருக்கட்டும். அந்த டிரஸ்ஸிங்கும் பரிமாறுவதற்கு 10 நிமிடத்துக்கு முன் சேர்ந்தால் போதும்.

பழத்தைக் கழுவியபின் துணியில் ஒற்றி உலர்த்தாமல் நறுக்குவதும், சிறு சிறு துண்டுகளாக நறுக்குவதும் நீரை அதிகமாக்கும். துண்டு சிறிதாக ஆக வெட்டுப் பரப்பு கூடுகிறது. ஒன்றரை முதல் 2 சென்டிமீட்டர் அளவு சரியாக இருக்கும். மழுங்கிய கத்தி பழத்தை வெட்டாமல் நசுக்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நறுக்கிய பழங்களை வடிதட்டில் போட்டு அடியில் ஒரு கிண்ணம் வைத்தால், அரை மணி நேரத்தில் கால் டம்ளர் சாறாவது இறங்கும். அதைச் சமைப்பவரே குடித்துவிடலாம்.

பழநிப் பஞ்சாமிர்தத்தை நினைத்துப் பாருங்கள். மலைவாழைப்பழம், வெல்லச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் என்று அத்தனையும் சேர்ந்த அந்தப் பிரசாதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடுவதில்லை. அது பல நாள் கெடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. நம் பழக்கலவை அன்றே தீர வேண்டிய பண்டம், அதனால் அவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை. ஆனாலும் தண்ணீரை விலக்கிவைக்கும் அந்த நினைப்பு இங்கேயும் உதவும்.

அன்னாசி சேர்த்தால் தயிர் கசக்கிறதே, கெட்டுப்போன தயிரா?

தயிர் கெட்டிருக்காது. அன்னாசியில் புரோமெலைன் என்னும் நொதி இருக்கிறது. அது புரதங்களைத் துண்டாக்கும். தயிரில் உள்ள புரதம் துண்டாகும்போது கசப்பான சிறு கூறுகள் உண்டாவதோடு டிரஸ்ஸிங் தளர்ந்தும் போகும். பப்பாளியில் பப்பைன், கிவியில் ஆக்டினிடின், அத்திப்பழத்தில் ஃபிசின் என்று இதே வேலையைச் செய்யும் நொதிகள் உண்டு. பப்பாளி நன்றாகப் பழுத்துவிட்டால் அந்த நொதி பெருமளவு குறைந்துவிடும் என்பதால் தொல்லை குறைவு. அன்னாசி பழுத்தாலும் விடாது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கலந்தவுடன் சாப்பிடுவதென்றால் அன்னாசியைச் சூடாக்காமல் அப்படியே போடலாம். 10 நிமிடத்தில் கசப்பு தெரியாது. அரை மணி நேரத்துக்குமேல் நிற்கப் போகிறதென்றால், அன்னாசித் துண்டுகளை வாணலியில் அவற்றின் சொந்தச் சாற்றிலேயே 5 நிமிடம் நன்றாகச் சூடாக்கி, முற்றிலும் ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். சூட்டில் நொதி செயலிழந்துவிடும். டப்பாவில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடு பட்டது என்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சர்க்கரைப் பாகின் சுவை தூக்கலாக இருப்பதால் நான் அதை எடுப்பதில்லை. பழத்தின் அடிப்பக்கம் கொண்டைப் பக்கத்தைவிட இனிப்பாக இருக்கும். கலவைக்கு அடிப்பாதியை வைத்துக்கொண்டு, மேல்பாதியை அன்னாசி ரசத்துக்கு எடுத்துவைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

எந்த மாதத்தில் எந்தப் பழங்களைச் சேர்க்கலாம்?

பழக்கலவை என்றால் கடையில் இருக்கும் பன்னிரண்டு பழத்திலும் ஒவ்வொன்று என்று நினைக்க வேண்டாம். நான்கு அல்லது ஐந்து போதும்: இனிப்புக்கு ஒன்று, புளிப்புக்கு ஒன்று, கடிப்பதற்கு ஒன்று, மென்மைக்கு ஒன்று, வேண்டுமானால் நிறத்துக்கு ஒன்று.

டிசம்பர் முதல் மார்ச் வரை மும்பையில் இதற்குப் பொற்காலம். மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி, நாசிக் திராட்சை, சந்த்ரா, கொய்யா, வடக்கிலிருந்து வந்து குளிர்க்கிடங்கில் இருந்த ஆப்பிள் எல்லாம் ஒருசேரக் கிடைக்கும். ஸ்ட்ராபெர்ரியைக் காம்போடு கழுவி, பிறகு காம்பைக் கிள்ள வேண்டும். முதலில் கிள்ளினால் உள்ளே தண்ணீர் இறங்கிவிடும். டகாணு பக்கத்துக் கோல்வட் சப்போட்டாவும் (இதுவும் 2016-இல் புவிசார் குறியீடு பெற்றதே) நல்ல இனிப்பு. ஆனால் அது டிரஸ்ஸிங்கில் கரைந்து நிறத்தை மங்கச் செய்யும் என்பதால் கடைசியில் மேலாக வைக்க வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் ஹாபூஸ் வந்துவிடும். ரத்னகிரியிலிருந்தும் தேவ்கடிலிருந்தும் வரும் இந்த அல்போன்சா மாம்பழத்தின் மணம் மற்றெல்லாவற்றையும் அமுக்கிவிடும். அப்போது ஆரஞ்சை விட்டுவிட்டு, எலுமிச்சைச் சாறும் அதன் பச்சைத்தோல் துருவலில் ஒரு சிட்டிகையும் மட்டும் போட்டு டிரஸ்ஸிங் செய்கிறேன். மாம்பழத்தோடு திராட்சையும் மாதுளையும் போதும். முக்கனியில் மற்றொன்றான பலாச்சுளையைச் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். அதைத் தனியாகச் சாப்பிடுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

மழைக்காலத்தில் பழங்களில் நீர்ச்சத்து ஏறிச் சுவை இறங்கிவிடும். மாதுளை, ஆப்பிள், பேரிக்காய், வாழைப்பழம் என்று சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் சீதாப்பழம் கிடைக்கும். அதன் சதையை விதை நீக்கி டிரஸ்ஸிங்கிலேயே கலந்துவிட்டால் கிரீமும் தேனும் தேவைப்படா.

தர்பூசணி?

வேண்டாம். நீர் விடும். முலாம்பழமானால் கெட்டியாக இருக்கும் பழத்தைப் பார்த்துச் சேர்க்கலாம்.

மும்பைக்குப் புதிதாக வந்திருக்கிறோம். கடையில் பெயர் சொல்லிக் கேட்கத் தெரியவில்லையே?

மாட்டுங்காச் சந்தையில் தமிழிலேயே கேட்கலாம். வாழை இலை முதல் நாரத்தங்காய் வரை அங்கே வரும். மற்ற இடங்களில், கிராஃபோர்ட் மார்க்கெட் என்று இன்றும் எல்லாரும் சொல்லும் மகாத்மா ஜோதிபா புலே சந்தையிலும்கூட, சில மராத்திப் பெயர்கள் தெரிந்திருந்தால் விலை பேச எளிது: கொய்யா 'பேரு', மாதுளை 'டாளிம்ப்', அன்னாசி 'அனனஸ்', தர்பூசணி 'கலிங்கட்', சப்போட்டா 'சிக்கூ', வாழைப்பழம் 'கேளி'. வசாய்ப் பக்கத்திலிருந்து வரும் சிறிய வாழைப்பழத்துக்கு 'வேல்ச்சி' என்று பெயர். நம் ஏலக்கியைப் போன்ற அதை இந்தக் கலவைக்குக் கேட்டு வாங்குங்கள். பெரிய மஞ்சள் வாழைப்பழத்தைவிட அது கெட்டியானது, குழையாது.

ஆப்பிளும் வாழைப்பழமும் கருக்காமல் இருக்க என்ன செய்வது?

வெட்டிய பரப்பில் காற்று பட்டதும் ஒரு நொதி வேலை செய்து பழுப்பு நிறத்தை உண்டாக்குகிறது. புளிப்பு அந்த நொதியை அடக்கும். சாற்றில் உள்ள வைட்டமின் சி-யும் நிறமாற்றத்தைத் தள்ளிப்போடும். டிரஸ்ஸிங்குக்குப் பிழிந்த எலுமிச்சையில் ஒரு தேக்கரண்டி எடுத்து ஆப்பிள் துண்டுகளில் பிசிறிவையுங்கள். நிறைய ஆப்பிள் நறுக்க வேண்டியிருந்தால், அரை லிட்டர் தண்ணீரில் 1 தேக்கரண்டி உப்புக் கரைத்து, 10 நிமிடம் போட்டெடுத்து, ஒரு முறை அலசி ஒற்றி உலர்த்தலாம். வாழைப்பழத்துக்கு இந்த வைத்தியமெல்லாம் அரைகுறைதான்; இலை போட்டபின் நறுக்குவதே சரி.

கார்பைடு வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்தை எப்படி அறிவது?

நிறத்தை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல இயலாது. பழங்களைக் கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்கவைப்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடை செய்யப்பட்டது. அதற்குப் பதிலாக எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. மேலே ஒரே சீராக மஞ்சளாகவும் உள்ளே காம்புப் பக்கத்தில் வெளுத்துக் கடினமாகவும் இருந்தால் நான் சந்தேகப்படுவேன். மணமே இல்லாத மாம்பழத்தை எப்படியிருந்தாலும் வாங்குவதில்லை. காயாக ஒரு டஜன் வாங்கி வைக்கோலில் அல்லது அரிசிக்குள் வைத்துப் பழுக்கவைத்தால் இந்தக் கவலை எழாது.

எவ்வளவு நேரம் வைக்கலாம்? அலுவலகத்துக்கு எடுத்துச் செல்ல முடியுமா?

நறுக்கிய பழமும் தயிரும் சேர்ந்த பண்டத்தை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. 32 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாளில் 1 மணி நேரம்தான் கணக்கு. மும்பையில் மார்ச் முதலே அந்த நாட்கள் வந்துவிடுகின்றன. லோக்கல் ரயிலில் டோம்பிவிலியிலிருந்து நரிமன் பாயிண்ட் வரை எடுத்துச் செல்வதென்றால், இரவே குளிரவைத்த பழத்தை ஒரு எவர்சில்வர் டப்பாவிலும், டிரஸ்ஸிங்கை மற்றொரு சிறு டப்பாவிலும் அடைத்து, இடையில் ஐஸ் பேக் வைத்த பையில் கொண்டுபோய், அலுவலகக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மதியம் கலந்துகொள்ளுங்கள். டிரஸ்ஸிங் மட்டும் தனியாக இருந்தால் குளிர்ச்சியில் 3 நாள் தாங்கும்.

மழைக்காலத்தில் தெருவோரம் நறுக்கிவைத்த பழத்தை வாங்கிவந்து இதில் சேர்க்காதீர்கள். கத்தியும் பலகையும் நீரும் எப்படியிருந்தன என்று நமக்குத் தெரியாது. வீட்டில் ஓடும் நீரில் கழுவி நறுக்குவதற்கு இணையில்லை. இறைச்சியோ மீனோ வெட்டிய பலகையைப் பழத்துக்குப் பயன்படுத்தவும் வேண்டாம்.

பாலையும் பழத்தையும் சேர்க்கக் கூடாது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். தயிருக்கும் அது பொருந்துமா?

சித்த, ஆயுர்வேத மரபுகளில் அப்படிச் சில விலக்குகள் உண்டு. வீட்டுக்கு வீடு வழக்கமும் மாறும். அதை மதிப்பவர்களுக்கும் பால்பொருள் சாப்பிடாதவர்களுக்கும் ஒரே மாற்று போதும்: ஒரு மூடித் தேங்காயில் எடுத்த முதல் பாலோடு, ஊறவைத்த முந்திரி 20-ஐ நெய்ப்பதமாக அரைத்துச் சேர்த்து, அதில் சுண்டிய ஆரஞ்சுச் சாற்றைக் கலந்தால் தயிர் டிரஸ்ஸிங்குக்கு ஏறக்குறைய நிகரான கெட்டி கிடைக்கும். புளிப்பு குறைவாக இருக்குமாதலால் எலுமிச்சையை இன்னொரு தேக்கரண்டி கூட்டுங்கள். தேங்காய்ப்பால் குளிரில் உறையும் என்பதால் பரிமாறும் முன் 10 நிமிடம் வெளியே வைக்க வேண்டும்.

குழந்தைகளுக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் கொடுக்கலாமா?

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த அளவிலும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்துகள் அந்த வயதில் கடும் நோயை உண்டாக்கலாம். சிறு பிள்ளைகளுக்குத் திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளந்தே கொடுக்க வேண்டும். முழுத் திராட்சை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் ஆகிய இரண்டும் கொலஸ்ட்ரால், இரத்த அழுத்த மருந்துகள் சிலவற்றின் செயலை மாற்றுவன. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு நட்சத்திரப் பழம் ஆபத்தானது. பெரியவர்கள் வரும் விருந்தில் இந்த மூன்றையும் தவிர்த்துவிடுகிறேன். நீரிழிவு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தேனைச் சேர்க்காமல் அவர்களுக்கென்று ஒரு பங்கு டிரஸ்ஸிங்கைத் தனியாக எடுத்துவைப்பது எளிது.

மிளகு, இஞ்சி, புதினா போன்றவை சேருமா?

நன்றாகச் சேரும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்று. கொய்யா அதிகமிருந்தால் புதிதாகப் பொடித்த மிளகு, ஆப்பிள், பேரிக்காய் இருந்தால் அரைத் தேக்கரண்டி இஞ்சிச் சாறு, ஸ்ட்ராபெர்ரிக்குப் புதினா. ஏலக்காய் போட்டால் எல்லாம் ஸ்ரீகண்ட் போலவே மணக்கத் தொடங்கிவிடும். உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு சிட்டிகை கசப்பை மட்டுப்படுத்தி இனிப்பை எடுத்துக்காட்டும்.

மீந்துபோனால் என்ன செய்வது?

கலந்தது மீந்தால் உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அன்றிரவுக்குள் தீர்த்துவிட வேண்டும். மறுநாள் வரை போகும் என்று தெரிந்தால், விதையுள்ள பழங்களை எடுத்துவிட்டு மிக்சியில் அடித்து, குச்சி ஐஸ் அச்சுகளில் ஊற்றி உறையவையுங்கள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரத்துக்குத் தயாராக இருக்கும். டிரஸ்ஸிங் மட்டும் மீந்தால் இரண்டு பங்கு குளிர்ந்த நீர் விட்டுக் கடைந்து லஸ்ஸியாகக் குடிக்கலாம்.